கத்தியா, ஊசியா, கட்டுப்பாடா? கடும் உடல் பருமனில் இதயத்துக்கு எது நல்லது

"பைபாஸ் செய்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னதும் அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதயத்தில் அடைப்பு இல்லை என்று போன வாரம்தானே சொன்னீர்கள் டாக்டர்?" என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு இரைப்பையை வரைந்தார். அவர் சொன்னது இரைப்பை பைபாஸ். பெயர் ஒன்று, இடம் வேறு. ஆனாலும் அண்ணி பயந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. வயிற்றில் செய்கிற அந்த அறுவைச் சிகிச்சையை வைத்து அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் பேசியதெல்லாம் இதயத்தைப் பற்றித்தான்.

அண்ணனுக்கு அப்போது 46 வயது. எடை 142 கிலோ, உயரம் 174 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியெண் (BMI) கிட்டத்தட்ட 47. அது 40ஐத் தொட்டாலே கடும் உடல் பருமன் என்பார்கள். பத்தாண்டுச் சர்க்கரை, மூன்று பிரஷர் மாத்திரைகள், பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை. மாடிப்படியின் நடுத் திருப்பத்தில் நின்று ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிப்பதுபோல் பார்ப்பார். மூச்சு வாங்குவதை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. எக்கோ எடுத்துப் பார்த்தபோது, இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் சுவர் தடித்திருக்கிறது, தளர்ந்து விரிவதில் தாமதம் இருக்கிறது என்று வந்தது.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் முறையாகக் கட்டுப்படுத்துவது, வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்து, அறுவைச் சிகிச்சை. நான் மருத்துவர் அல்லன். ஒரு முடிவெடுக்க வேண்டிய குடும்பத்தில் உட்கார்ந்து படித்தவன், கேட்டவன், அவ்வளவுதான். எங்களுக்குப் பொருந்திய முடிவு இன்னொருவருக்குப் பொருந்தும் என்று சொல்லவும் வரவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை எதைக் கொண்டு பார்ப்பது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எடை இதயத்தை என்ன செய்கிறது

கொழுப்பை ஓரமாகக் கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். அதற்கும் ரத்தம் வேண்டும். உடல் பெருக்கப் பெருக்க உடம்பில் ஓடும் ரத்தத்தின் மொத்த அளவும் கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு நிமிடம் இறைக்க வேண்டிய அளவும் கூடுகிறது. வயிற்றுக் கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்கி, உப்பைத் தேக்கும் ஹார்மோன்களைத் தூண்டிவிட, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்த இரட்டை வேலைக்கு ஈடுகொடுக்க இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைப்பாக இருக்கும், எளிதில் விரியாது. ரத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் தேங்கும், படியேறினால் மூச்சு வாங்கும். இதயத்தின் மேலேயே படிந்திருக்கும் கொழுப்பு, அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கிறது. மேலறைகள் விரிந்து துடிப்பின் தாளம் கெடுகிறது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்கி அழுத்தம் எகிறுகிறது.

இவற்றை நான் மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: சுமையால் வந்தவை, அடைப்பால் வந்தவை. சுவர் தடிப்பு, அழுத்தம், மூச்சுத்திணறல், மேலறை விரிவு எல்லாம் சுமையால் வந்தவை. எடை இறங்கினால் இவற்றில் பெரும்பகுதி பின்வாங்கும். தடித்த சுவர்கூட ஓரளவு மெலியும். இதய ரத்தக்குழாயில் ஆண்டுக்கணக்கில் படிந்து சுண்ணாம்பேறிப்போன அடைப்பு அப்படி இல்லை. எடை குறைந்ததும் அது கரைந்து போய்விடாது. மேலும் வளராமலும் வெடிக்காமலும் இருக்க வாய்ப்புக் கூடும். தன்னுடைய பிரச்சினை இவற்றில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது வீண்.

பார்க்க வருகிற எல்லோரும் "எத்தனை கிலோ குறையும்?" என்றுதான் கேட்டார்கள். குறைந்த எடை எத்தனை ஆண்டு குறைந்தபடியே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. இதயத்துக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான பதில்.

கட்டுப்பாடு மட்டும்

முதல் வழி எல்லோருக்கும் பிடித்த வழி. செலவில்லை, தழும்பில்லை, அறிவுரை சொல்ல எல்லோருக்கும் தகுதி உண்டு. இதை மிகக் கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு அமெரிக்காவில் நடந்த 'லுக் அஹெட்'. சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் உள்ள 5,145 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தீவிர உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, தொடர்ந்த ஆலோசனை. முதல் ஆண்டில் அவர்கள் சராசரியாக 8.6 சதவீத எடையை இழந்தார்கள். ஆய்வு முடியும்போது அது 6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. ஏறத்தாழ பத்தாண்டு தொடர்ந்த பிறகு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை என்று 2012ல் நிறுத்திவிட்டார்கள்.

இதை வைத்து நடைப்பயிற்சி வீண் என்று சொல்வது அநியாயம். அந்தக் குழுவில் சர்க்கரை கட்டுப்பட்டது, தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது. முதல் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் இதயச் சிக்கல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்ததும் தெரிந்தது. ஆனால் பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கும் கணக்குக்கு மதிப்பு குறைவுதான்; அவ்வளவு இழக்க முடிந்தவர்கள் முதலிலேயே வேறு வகையில் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. இதயம் உணரும்படியான மாற்றத்துக்குக் குறைந்தது பத்து சதவீதமாவது இறங்க வேண்டும், இறங்கியது நிற்க வேண்டும். 142 கிலோவில் இருக்கும் ஒருவர் மனவுறுதியை மட்டும் வைத்து அதைப் பல்லாண்டு தக்கவைப்பது அரிது. எடை இறங்கியதும் பசி ஹார்மோன்கள் ஏறுகின்றன, உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைகிறது. பழைய எடைக்குத் திரும்பும்படி உடம்பே இழுக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அண்ணனிடம் "வாயைக் கட்டினால் போதுமே" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. அவசரமாக இறக்குகிறேன் என்று பட்டினி கிடப்பது இதயத்துக்கு ஆபத்து. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் வெறும் புரதத் திரவத்தைக் குடித்து எடை குறைத்தவர்களில் பலர் துடிப்பு தாறுமாறாகி இறந்தார்கள்.

ஊசி

எடைக் குறைப்பு மருந்துகள் என்றாலே இதய மருத்துவர்களுக்கு ஒரு காலத்தில் முகம் சுளிக்கும். காரணம் இருக்கிறது. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்தது, 1997ல் விலக்கப்பட்டது. சிபுட்ரமின், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியது தெரிந்து 2010ல் விலக்கப்பட்டது. புதிய ஊசிகளையும் அதே சந்தேகத்தோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

படித்த பிறகு கருத்து மாறிவிட்டது. செமாக்ளூடைட் மருந்தை வைத்து நடந்த 'செலக்ட்' ஆய்வில் 17,604 பேர் இருந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் ரத்தக்குழாய் அடைப்போ வந்தவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள். 2023ல் வெளியான முடிவுப்படி, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு இதய மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ வந்தது. மருந்து போட்டவர்களில் அது 6.5 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எடை குறைந்த அளவை மட்டும் சார்ந்து இந்தப் பலன் அமையவில்லை என்பது சுவையான விஷயம். எடை அதிகம் இறங்குவதற்கு முன்பே இரு குழுக்களும் பிரியத் தொடங்கிவிட்டன. அந்த மருந்து ரத்தக்குழாயிடம் தனியாக ஏதோ பேசுகிறது.

இதயம் நன்றாகச் சுருங்கியும் விரிய மறுக்கும் வகைச் செயலிழப்பு, அதாவது அண்ணன் போய்க்கொண்டிருந்த பாதை, அதற்கும் சான்று வந்துவிட்டது. டிர்செபடைட் ஊசியை இத்தகைய 731 பேரிடம் சோதித்த 'சம்மிட்' ஆய்வு 2024ல் வெளியானது. இதய மரணம் அல்லது செயலிழப்பு முற்றிப்போவது என்ற கூட்டுக் கணக்கு 38 சதவீதம் குறைந்தது.

இனி மறுபக்கம். 'செலக்ட்' ஆய்வில் இருந்தவர்களின் சராசரி உடல் நிறைக் குறியெண் 33தான். 47ல் இருப்பவருக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துவைக்க முடியாது. பக்கவிளைவு தாங்காமல் 16.6 சதவீதம் பேர் மருந்தை நிறுத்தினார்கள். பெரும்பாலும் குமட்டலும் வயிற்றுக் கோளாறும். ஊசியால் நாடித்துடிப்பும் சற்றுக் கூடும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. செமாக்ளூடைட்டை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இறங்கிய ரத்த அழுத்தமும் பழைய இடத்துக்கு ஏறத் தொடங்கியது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதுபோல்தான் இதுவும். ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குபவர்கள் தொடங்காமலே இருக்கலாம். எடையளவில் பார்த்தால் செமாக்ளூடைட் சராசரியாக 15 சதவீதம், டிர்செபடைட்டின் உச்ச அளவு 21 சதவீதம் வரை இறக்கின. அறுவைச் சிகிச்சையின் கீழ்ப்படியை ஊசி தொட்டுவிட்டது என்று சொல்லலாம்.

கத்தி

அறுவைச் சிகிச்சைக்கு இருக்கும் சான்றுகளில் நீளமானது ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய ஆய்வு. 2,010 பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். அவர்களுக்கு ஈடாக வயது, எடை முதலியவற்றைப் பொருத்தி 2,037 பேரை வழக்கமான சிகிச்சையில் வைத்துத் தொடர்ந்தார்கள். அறுவைக் குழுவின் எடை இருபதாண்டு கழித்தும் தொடக்கத்தைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. மற்றவர்களுக்கு எடை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. 2012ல் வெளியான கணக்கில், அறுவைக் குழுவில் இதயநோயால் இறந்தவர்கள் 28 பேர், மற்றதில் 49 பேர். மாரடைப்பும் பக்கவாதமும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேலறைத் துடிப்புக் கோளாறான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 29 சதவீதம் குறைவு.

இந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்த தகவல் வேறொன்று. அதிக எடையோடு வந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. தொடக்க எடைக்கும் இதயப் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை. யாருக்கு ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடுதலாக இருந்ததோ அவர்களுக்குத்தான் பலன் கூடுதல். எடை இயந்திரத்தைவிட சர்க்கரைச் சீட்டு நல்ல வழிகாட்டி என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். பத்தாண்டுச் சர்க்கரை உள்ள அண்ணனின் பெயரை அந்த வரியில் எழுதிவைத்ததுபோல் இருந்தது.

ஆயுள் கணக்கும் உண்டு. 2020ல் வெளியான தொடர்ச்சியின்படி, அறுவைக் குழு மற்றக் குழுவைவிட 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் 5.5 ஆண்டு குறைவு. விளம்பரம் செய்பவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அறுவைச் சிகிச்சை இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, முழுவதையும் தருவதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஊசிக்கு இருப்பது குலுக்கல் முறை ஆய்வு. ஸ்வீடன் ஆய்வில் குலுக்கல் இல்லை. அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சையில் இறப்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கலுக்கு நெறிமுறைக் குழு ஒப்பவில்லை. தானாக முன்வந்து அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் தன் உடம்பில் அக்கறை உள்ளவராகவும் இருக்கலாம். பலனில் ஒரு பகுதி அந்த அக்கறையால் வந்திருக்கலாம். அதுபோக, அன்று பெரும்பாலோருக்குச் செய்தது இரைப்பையைத் தைத்துப் பட்டை கட்டும் முறை. இன்று அதை அநேகமாக யாரும் செய்வதில்லை. கிளீவ்லேண்ட் கிளினிக் 2019ல் வெளியிட்ட கணக்கில் சர்க்கரை உள்ள 2,287 பேர் இன்றைய முறைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். எட்டாண்டில் அவர்களிடம் பெரிய இதய, சிறுநீரகச் சிக்கல்கள் 30.8 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 47.7 சதவீதம். அதுவும் குலுக்கல் இல்லாத கணக்கே.

ஆக, ஊசியிடம் சிறிய பலன், உறுதியான சான்று. அறுவைச் சிகிச்சையிடம் பெரிய பலன், சற்றுத் தளர்ந்த சான்று. இரண்டையும் ஒரே தராசில் போட்டு "33 சதவீதம் பெரிதா, 20 சதவீதம் பெரிதா" என்று கேட்பவர்கள் கணக்கில் தவறுகிறார்கள்.

ரத்த அழுத்தம் என்ற ஒரே கேள்விக்கு மட்டும் குலுக்கல் முறையிலேயே நல்ல விடை இருக்கிறது. பிரேசிலில் நடந்த 'கேட்வே' ஆய்வில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரஷர் மாத்திரைகள் சாப்பிடும் 100 பேரைப் பிரித்தார்கள். ஓராண்டில், அழுத்தம் கட்டுக்குள் இருக்கும்போதே மாத்திரைகளில் 30 சதவீதத்தையோ அதற்கு மேலோ குறைக்க முடிந்தவர்கள் பைபாஸ் குழுவில் 83.7 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவில் 12.8 சதவீதம். ஐந்தாண்டு கழித்தும் பைபாஸ் குழுவில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மாத்திரையே இல்லாமல் இருந்தார்கள்.

உயிராபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 4,776 பேரைக் கண்காணித்து 2009ல் வெளியான ஆய்வில் முதல் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். துளை வழியாகச் செய்யும் முறையும் அனுபவமும் கூடியபின் அது இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் பலவீனமான இதயம் உள்ளவருக்கு இந்தச் சராசரி பொருந்தாது.

ஸ்லீவா, பைபாஸா

கத்தி என்று முடிவு செய்தாலும் தேர்வு முடிவதில்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு ஒரு குழாய்போல் மிச்சம் வைக்கிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் உச்சியில் முட்டையளவு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியைத் தூக்கி அதோடு இணைக்கிறார்கள். உணவு குறுக்கு வழியில் போவதால் குடல் ஹார்மோன்கள் மாறி, எடை இறங்கும் முன்பே சில நாள்களில் சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது.

ஸ்லீவ் எளிது, விரைவில் முடியும், உலகில் அதிகம் செய்யப்படுவதும் அதுதான். இதயக் கோணத்தில் பார்த்தால் பைபாஸ் ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் கணிப்பு. ஃபின்லாந்தில் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பத்தாண்டு தொடர்ந்தார்கள். எடையில் வேறுபாடு மிதமானது. ஆனால் ரத்த அழுத்த நோய் முற்றிலும் விலகியவர்கள் ஸ்லீவில் 8 சதவீதம், பைபாஸில் 24 சதவீதம். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். பைபாஸில் இறங்குகிறது, ஸ்லீவில் அதிகம் அசைவதில்லை. எதுக்களிப்பால் உணவுக்குழாய் புண்ணானவர்களும் ஸ்லீவ் பக்கம்தான் அதிகம்.

பைபாஸின் எதிர்க்கணக்கு இதயநோயாளிகளுக்கு மிக நெருக்கமானது. குடலை இணைத்த இடத்தில் புண் வரக்கூடும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் புகைபிடித்தலும் அதை வரவழைக்கும். ஆகவே ஆஸ்பிரினைத் தொடர வேண்டிய, ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்தவர்கள் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் சில மாத்திரைகள் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் உறிஞ்சப்படுபவை. பைபாஸ் தாண்டிச் செல்வது அந்த இடத்தைத்தான். நீண்டகாலம் அத்தகைய மருந்து வேண்டியவருக்கு ஸ்லீவே மேல் என்று ஒரு இதய மருத்துவர் எங்களிடம் சொன்னார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

யாருடைய இதயம்

சர்க்கரையும் அழுத்தமும் இருந்து இன்னும் அடைப்பு வராதவர், வயது அறுபதுக்குள், குறியெண் 40க்கு மேல்: இவருக்கு அறுவைச் சிகிச்சையைக் கடைசி வழியாக ஒத்திவைப்பது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. சேமிக்க இதயத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும் காலம் அதுதான். பருமன் அறுவை நிபுணர் சங்கங்கள் 2022ல் திருத்திய வழிகாட்டுதல், குறியெண் 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசிய வம்சாவளியினருக்கு வரம்பு இன்னும் கீழே.

அண்மையில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் கதை வேறு. திட்டமிட்டுச் செய்யும் எந்த அறுவைச் சிகிச்சையையும் அவர் ஓராண்டு தள்ளிப்போடுவதே பொதுவான பரிந்துரை. அந்த ஓராண்டை வீணாக்க வேண்டாம். ஊசிக்குச் சான்று பலமாக இருப்பதும் இவரைப் போன்றவர்களிடம்தான். ஊசியில் தொடங்கி, எடை கொஞ்சம் இறங்கியபின் அறுவைச் சிகிச்சையை யோசிக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது கூடாது என்று எங்கும் இல்லை.

துடிப்புத் தாளம் கெட்டவருக்கு எடை நிலையாக இருப்பது பெரிது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வில் 10 சதவீதத்துக்கு மேல் இறக்கித் தக்கவைத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. எடையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தவர்களிடம் அந்தப் பலன் கரைந்துபோனது. இதயம் சுருங்குவதே பலவீனமாகிவிட்டவர் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அவருக்கு எடை குறைப்பும் ஒரு நிபுணர் குழு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

தையல் பிரித்த பிறகு

அண்ணன் பைபாஸ் செய்துகொண்டார். அறுவைச் சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. சிக்கல் வந்தது ஐந்தாவது வாரத்தில், ஒரு காலை நேரத்தில். கட்டிலிலிருந்து எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்தார். வீட்டிலிருந்த கருவியில் பார்த்தால் மேல் அழுத்தம் 84. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் பழைய மூன்று பிரஷர் மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரை உள்பட, அப்படியே இருந்தன. எடை 18 கிலோ இறங்கியிருந்தது. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதே அவருக்குப் பெரும்பாடு. மாத்திரைகள் மட்டும் 142 கிலோ மனிதருக்கு எழுதியவை. அறுவை நிபுணர் இதய மருத்துவர் பார்ப்பார் என்று விட்டிருந்தார். இதய மருத்துவர் அறுவை நிபுணர் சொல்லியிருப்பார் என்று விட்டிருந்தார். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மருந்தை யார் குறைப்பார், எந்த நாளிலிருந்து என்பது.

குறைக்கக் கூடாத மாத்திரையும் உண்டு. கொழுப்பு அளவு அழகாக வந்துவிட்டதே என்று சிலர் ஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடைப்பு இருப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. வைட்டமின்கள் ஆயுள் முழுக்க: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. தொடர்ந்து வாந்தி வந்தால் தயமின் என்ற பி1 சில வாரங்களில் வற்றிவிடும். அது வற்றினால் நரம்போடு இதயமும் பலவீனமாகும். இதயத்தைக் காப்பாற்றச் செய்த சிகிச்சையே இதயத்தைக் கெடுக்கும் வினோதம் அங்கேதான் இருக்கிறது. ஊசிக்கு வாராவாரம் என்றால் கத்திக்கு நாள்தோறும். வாழ்நாள் ஒப்பந்தம் இரண்டிலும் இருக்கிறது.

இப்போது இரண்டாண்டு ஆகிறது. அண்ணன் 101 கிலோவில் நிற்கிறார், ஆறு மாதமாக அசையவில்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை, ஸ்டாடின் தொடர்கிறது. போன மாதம் முழங்கால் வலிக்கு மருந்துக்கடைக்காரர் ஒரு பட்டையை நீட்டினார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய காகிதம் ஒன்றை எடுத்து, பட்டையின் பின்பக்கப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தில் அண்ணியின் கையெழுத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன, டைக்ளோஃபெனாக் மூன்றாவது.